போன் போட்டால் கல் பேசும்: சிறிய அருங்காட்சியகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாவட்டத் தலைநகரில் நான்கைந்து அறைகளோடு இருக்கும் அருங்காட்சியகமாக இருக்கலாம். பள்ளியிலோ நூலகத்திலோ ஊர்க்காரர்கள் சேர்த்துவைத்த பழம்பொருள் அறையாகவும் இருக்கலாம். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் இல்லை. பெயர்ப்பலகையில் ‘நடுகல், கி.பி. 7-ஆம் நூற்றாண்டு’ என்று ஒற்றை வரி. படித்தவர் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடுகிறார்.

இந்த நிலையை மாற்ற நினைப்பவர்களிடம் முதலில் வரும் யோசனை, “ஒரு ஆப் செய்துவிடலாமா?” என்பது. வேண்டாம். அரை மணி நேரம் சுற்றிப் பார்க்க வந்தவர் அதற்காக ஒரு ஆப்பை இறக்கி நிறுவமாட்டார். பட்டன் போன் வைத்திருப்பவரால் அது முடியவே முடியாது. ஆனால் எல்லாப் போனிலும் அழைப்பு வேலை செய்யும், குறுஞ்செய்தி வரும். அந்த இரண்டை வைத்தே நாம் தொடங்குவோம்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒரு தொலைபேசி எண் வாங்குகிறோம். பத்துப் பொருள்களுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் ஒரு குறியெண்ணையும் எழுதிவைக்கிறோம். பார்வையாளர் அழைத்து, குறியெண்ணை அழுத்தினால், அந்தப் பொருளைப் பற்றி ஒரு நிமிடம் ஒரு குரல் பேசும். பேசி முடித்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கும். அவர் பதில் சொல்லலாம், அது பதிவாகும். விரும்பினால் பிறகு ஒரு குறுஞ்செய்தி போகும்.

இது புதிய விஷயமில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952-லேயே சிற்றலை வானொலி மூலம் விளக்கம் ஒலிபரப்பியது. எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கம் கேட்டதால், கூட்டமே ஒன்றாகத் திரும்பி ஒரே ஓவியத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையம், 2005 வாக்கில் ‘ஆர்ட் ஆன் கால்’ என்ற பெயரில், பார்வையாளரின் சொந்த செல்போனிலேயே விளக்கம் கேட்க வைத்தது. நாம் செய்யப்போவது ஏறக்குறைய அதுதான். கூடுதலாக நம் ஊருக்கு மிஸ்டு கால் என்ற வசதி இருக்கிறது.

முதல் வேலை: டவர் இருக்கிறதா?

எண் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். நம் அருங்காட்சியகங்கள் பல பழைய அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் இருக்கின்றன. மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம் இருப்பது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில். ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசமே அருங்காட்சியகம். இம்மாதிரிக் கட்டடங்களின் கனத்த சுவர் வெயிலைத் தடுப்பது போலவே சிக்னலையும் தடுக்கும்.

ஜியோ, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் என நான்கு சிம்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் அழைத்துப் பார்ப்போம். காலை ஒரு முறை, கூட்டம் இருக்கும் ஞாயிறு மாலை ஒரு முறை. எந்த இடத்தில் யாருக்குக் கிடைக்கவில்லை என்று தரைப்படத்தில் குறித்துக்கொள்வோம். மூன்று சிம்களுக்காவது தெளிவாகக் கிடைக்கும் இடத்தில் உள்ள பொருள்களை மட்டும் முதல் சுற்றுக்கு எடுப்போம். எவ்வளவு அருமையான சிலையாக இருந்தாலும், டவர் இல்லாத மூலையில் இருந்தால் அதற்கு எண் கொடுக்க வேண்டாம். “ஹலோ, ஹலோ” என்று கத்திவிட்டுப் போனவர் அடுத்த எண்ணை முயலமாட்டார்.

எந்த வழி? அழைப்பா, எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா?

அழைப்பில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பார்வையாளர் நேரடியாக அழைத்துக் கேட்பது. இப்போது பெரும்பாலான ரீசார்ஜ்களில் அழைப்புக்கு வரம்பு இல்லாததால் இதில் அவருக்குத் தனிச்செலவு இல்லை. இன்னொன்று, மிஸ்டு கால் கொடுத்தால் நாம் திரும்ப அழைப்பது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பீகாரில் ‘கான் கஜூரா டேசன்’ என்று நடத்திய தொலைபேசி வானொலி இந்த முறையில்தான் ஓடியது. மிஸ்டு கால் கொடுத்தவருக்குத் திரும்ப அழைப்பு வரும், பாட்டும் நகைச்சுவையும் நடுவே விளம்பரமும் வரும். ஆனால் இன்று தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே பலர் பயப்படுகிறார்கள். அதனால் நேரடி அழைப்பே நமக்கு முதல் தேர்வு. மிஸ்டு கால் வைப்பதானால், எந்த எண்ணிலிருந்து திரும்ப அழைப்போம் என்பதையும் பலகையில் எழுதிவிட வேண்டும்.

குறுஞ்செய்தியில் பெயர் வாங்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2017-இல் ‘செண்ட் மீ’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ‘எனக்கு அனுப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்னால் கடல், நீலம் என்று ஏதாவது ஒரு சொல்லோ எமோஜியோ சேர்த்து அனுப்பினால், அதற்குப் பொருத்தமான ஒரு கலைப்படைப்பின் படம், கலைஞர் பெயரோடு திரும்பி வரும். அவர்களிடம் உள்ள பல்லாயிரம் படைப்புகளில் சுமார் 5 சதவீதத்தைத்தான் சுவரில் மாட்ட முடிகிறது. கிடங்கில் இருப்பவற்றை வெளியே கொண்டுவர அவர்கள் கண்டுபிடித்த வழி இது. செய்திகள் லட்சக்கணக்கில் குவிந்தன. கட்டணம், நேரம், முகவரி என்று எதையும் அது சொல்லவில்லை. கேட்டதற்கு ஒரு படம், அவ்வளவுதான்.

இதை அப்படியே இங்கே எஸ்எம்எஸ்ஸில் செய்ய முடியுமா? கடினம். இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸின் வாசகமும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி முன்கூட்டியே டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நினைத்ததை நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. ஆகவே எஸ்எம்எஸ்ஸை நாம் ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்வோம்: அழைத்தவருக்குப் பின்னால் போகும் ஒரு சிறிய செய்தி.

உரையாட வாட்ஸ்அப் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். ஒரு பழைய ஸ்மார்ட்போன், ஒரு புது சிம் போதும். முதல்முறை செய்தி அனுப்புகிறவருக்குத் தானாக வரவேற்புச் செய்தி போகும். அதிலேயே பொருள்களின் பட்டியலைத் தரலாம். ஆனால் அதன்பின் வரும் கேள்விகளுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து பதில் தர வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 2015-இல், பார்வையாளர் போனில் தட்டச்சு செய்யும் கேள்விக்கு அங்கேயே பதில் தரும் வசதியைக் கொண்டுவந்தபோது, அதற்கென்றே கலை வரலாறு தெரிந்த ஒரு குழுவை வைத்தது. நம்மிடம் குழு இல்லை. எனவே குரலில் தொடங்கி, அது ஓடத் தொடங்கியபின் வாட்ஸ்அப்பைச் சேர்ப்பதே என் பரிந்துரை.

எத்தனை பொருள், என்ன எண்?

பத்து போதும். காப்பாட்சியருக்குப் பிடித்த பத்தைவிட, மக்கள் தாமாகவே நிற்கும் பத்தைத் தேர்ந்தெடுப்போம். ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். முதுமக்கள் தாழி முன்னால் நிற்பார்கள், பழைய நாணயப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நின்ற இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. வாட்ச்மேனிடமும் கேளுங்கள். “இது என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க” என்று அவர் காட்டும் பொருள் கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும்.

குறியெண்களை 1, 2, 3 என்று வைக்காமல் இரண்டு இலக்கத்தில் வைப்போம். முதல் அறைக்கு 11, 12. இரண்டாம் அறைக்கு 21, 22. நாளைக்குப் புதிய பொருள் வந்தால் இடையில் சேர்க்க இடமிருக்கும். ‘தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைக்க வேண்டாம். அழைத்தவுடன் தமிழ். ஆங்கிலம் வேண்டுவோர் குறியெண்ணுக்கு முன்னால் 9 சேர்த்து அழுத்தட்டும். பலகையில் அதைச் சிறிதாக எழுதினால் போதும்.

ஒரு நிமிடத்துக்கு எழுதுவது எப்படி?

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

பெயர்ப்பலகை வாசகத்தை எடுத்துக் குரலில் படித்தால் யாரும் பத்து வினாடி தாண்டமாட்டார்கள். அழைப்பவர் பொருளுக்கு எதிரே நிற்கிறார் என்பதை மறக்காமல் எழுத வேண்டும். அவர் கண்ணை நாம் நகர்த்துகிறோம். முதல் வாக்கியம் ‘பாருங்கள்’ என்றே இருக்கட்டும். ஆண்டும் அரசர் பெயரும் கடைசியில் வந்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு கல் நம் கூடத்தில் இருந்தால் இப்படி எழுதலாம்:

“கல்லின் நடுவில் நிற்கிறவரைப் பாருங்கள். சண்டைக்கு நிற்கிறார். இப்போது அவருக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒரு நாய் தெரிகிறதா? எருமைகளுக்காக நடந்த சண்டையில் இவர் செத்துப்போனார். நாய் ஓடிப்போகவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்றது. இது கதையில்லை, கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன். இறந்த வீரனுக்குக் கல் நட்ட ஊர், நாயையும் விட்டுவிடவில்லை. இது நடந்து ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? அதன் பெயர் என்ன? பீப் ஒலிக்குப் பிறகு சொல்லுங்கள்.”

‘கற்சிற்பம்’, ‘பொறிக்கப்பட்டுள்ளது’ போன்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுதிய பிறகு கடிகாரத்தை வைத்துச் சத்தமாகப் படித்துப் பார்ப்போம். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைப்போம். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால், நமக்கு மிகவும் பிடித்த தகவலைத்தான் முதலில் வெட்ட வேண்டியிருக்கும்.

தகவல் சரியா என்பதைக் காப்பாட்சியரிடமோ கல்வெட்டு படித்தவரிடமோ காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே ஒலிப்பதிவு. பலகையைத் திருத்துவதைவிட, பதிவான குரலைத் திருத்துவது அலுப்பான வேலை.

ஒலிப்பதிவு

ஸ்டூடியோ தேவையில்லை. தொலைபேசி அழைப்பில் வழக்கமாகக் கடப்பது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான். எவ்வளவு விலையுயர்ந்த மைக்கில் பதிந்தாலும் அந்தக் குழாய்க்குள் அடங்கித்தான் கேட்கும். நல்ல ஸ்மார்ட்போனில், ஜன்னல் சாத்திய அறையில், சுற்றிலும் போர்வையோ மெத்தையோ இருக்கும்படி உட்கார்ந்து பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். நாதஸ்வரம் போனில் நாதஸ்வரமாகக் கேட்காது, பேச்சையும் சேர்த்துக் கெடுக்கும்.

கோப்பை 8 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் வடிவில் மாற்றித் தரச் சொல்லி, அழுத்தும் எண்ணுக்கேற்பப் பதிவை ஒலிக்கவைக்கும் ஐவிஆர் சேவையைத் தரும் நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்துவிடலாம்.

யார் குரல்? வானொலி அறிவிப்பாளர் குரலைத் தேடி அலைய வேண்டாம். ஊர் ஆசிரியை, கல்லூரி மாணவர், நெசவுப் பொருளுக்கு ஒரு நெசவாளி, உழவுக் கருவிக்கு ஒரு விவசாயி என்று ஆளுக்கு ஒன்றாகப் பேச வைக்கலாம். அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பழகியவர் பேசினால் பேச்சே வேறு. வட்டார வழக்கு இருந்தால் இருக்கட்டும்.

எஸ்எம்எஸ்: எழுபது இடம்தான்

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் யூனிகோடு கணக்கில் 70 இடம் மட்டும். அதுவும் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு இல்லை. ‘அருங்காட்சியகம்’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. போனுக்கு அது 15 இடம், ஏனென்றால் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டு ஒவ்வொன்றுக்கும் 67 இடம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

“நாயின் பெயர் கோவிவன். அது எந்தப் பக்கம் பார்க்கிறது?” என்பது 52 இடம். அடங்கிவிடும். பார்த்துவிட்டு நகர்ந்தவரைத் திரும்பக் கல்லிடம் அழைத்துவர இந்த ஒரு கேள்வி போதும். நன்றி, வணக்கம், தங்கள் வருகை எங்கள் பாக்கியம் எல்லாம் இதில் செலவழிக்க இடமில்லை.

அவர்கள் பேசட்டும்

பீப் ஒலிக்குப் பிறகு என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். “எங்கள் அருங்காட்சியகம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்று மட்டுமே வரும். மரக்காலுக்கு முன்னால், “உங்கள் வீட்டில் எதை இதில் அளந்தார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கூட வந்த பாட்டியிடம் போனைக் கொடுப்பார்கள். குறுணி, பதக்கு என்று அந்த அம்மா சொல்லத் தொடங்கினால், நம் பதிவேட்டில் இல்லாத தகவல் கையில் வந்து விழும்.

வந்த குரல்களை வாரம் ஒரு முறை கேட்டு, நல்லதை ஒப்புதலோடு அதே குறியெண்ணில் சேர்த்துவிடலாம். அடுத்து அழைப்பவர் நம் உரைக்குப் பின்னால் பக்கத்து ஊர்ப் பாட்டியின் குரலையும் கேட்பார்.

பலகையும் வாட்ச்மேனும்

எண்ணைப் பெரிதாக, சன்போர்டில், பள்ளிப் பிள்ளைகள் கண்ணுக்கும் படும் உயரத்தில் வைப்போம். நுழைவாயிலில் ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று. பலகையில் மூன்று விஷயம் போதும்: அழைக்க வேண்டிய எண், அழுத்த வேண்டிய எண், “தனிக்கட்டணம் கிடையாது” என்ற வரி. அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் காசு போய்விடுமோ என்று பாதிப் பேர் தயங்குவார்கள்.

நுழைவாயிலில் ‘செல்போன் பயன்படுத்தக் கூடாது’ என்று பழைய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வாட்ச்மேனுக்கும் சீட்டுக் கொடுப்பவருக்கும் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் கேட்கக் கொடுங்கள். போனைக் காதில் வைத்தவரை “இங்கெல்லாம் பேசக்கூடாது” என்று ஒருவர் விரட்டினால் நம் உழைப்பு வீண். அவர்களே “இந்த நம்பருக்கு அடிச்சுப் பாருங்க” என்று சொல்ல ஆரம்பித்தால் விளம்பரமே தேவையில்லை.

குடும்பமாக வருகிறவர்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள். தடுக்க வேண்டாம். கூட்டம் அதிகமான அறையில் மட்டும் காதில் வைத்துக் கேட்கும்படி கேட்டுக்கொள்ளலாம். காது கேளாதவர்களுக்காக எல்லா உரைகளையும் அச்சிட்ட ஒரு கோப்பை சீட்டு மேசையில் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

பெரிய செலவு கிளவுட் ஐவிஆர் சேவைக்கு. எக்ஸோடெல், நோலாரிட்டி, மைஆபரேட்டர் போன்ற நிறுவனங்கள் இதைத் தருகின்றன. மாத வாடகையாகவோ மொத்தமாகவோ வாங்கலாம். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது மூன்று கேள்விகளை விட்டுவிடாதீர்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைக்கலாம், உள்ளே வரும் அழைப்புக்கும் நிமிடக் கட்டணம் உண்டா, எண் யார் பெயரில் இருக்கும்? பள்ளிப் பேருந்து இரண்டு வந்து நிற்கும் நாளில் முதல் கேள்வியின் அருமை தெரியும்.

நிமிடக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 50 அழைப்பு, ஒவ்வொன்றும் 2 நிமிடம், மாதம் 26 நாள்: மொத்தம் 2,600 நிமிடம். நிமிடத்துக்கு 60 பைசா என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,560 ரூபாய். இது வாடகைக்கு மேல் வருவது. 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண் கௌரவமாகத் தெரியும். ஆனால் அழைப்பவருக்குப் பதிலாக நாம் கட்ட வேண்டும். சாதாரண எண்ணே போதும்.

எஸ்எம்எஸ் வேண்டுமென்றால் டிஎல்டி பதிவுக்கு ஜிஎஸ்டி சேர்த்துச் சுமார் 5,900 ரூபாய் ஆகும். செய்திக்குத் தலா 25 பைசா என்று கொண்டால், நாளுக்கு 50 செய்தி, மாதம் 325 ரூபாய். செய்தி 70 இடத்தைத் தாண்டி இரண்டு துண்டானால் இரட்டிப்பு. பணம் இறுக்கமாக இருந்தால் முதல் ஆண்டு எஸ்எம்எஸ்ஸை விட்டுவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

கையில் பணமே இல்லையா? வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் வைத்து, அழைப்புக்குப் பதில் ஆடியோ கோப்பை அனுப்பித் தொடங்கலாம். சிம் ரீசார்ஜும் பலகைச் செலவும்தான். பட்டன் போன்காரர்கள் விடுபட்டுப் போவார்கள் என்பது தெரிந்தே செய்யுங்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ஊழியரின் சொந்த எண்ணை ஒருபோதும் பலகையில் போடக் கூடாது. நள்ளிரவிலும் அழைப்பு வரும், சில அழைப்புகள் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி இருக்கும். ஊழியர் பெண்ணாக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம்.

அழைத்தவரின் எண் நம்மிடம் பதிவாகும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும், ஒப்புதலும் வேண்டும். சட்டத்தின் பார்வையில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பள்ளிப் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பும் ஆசை வந்தால், பள்ளி வழியாகப் பெற்றோரின் கடிதம் வாங்கிய பிறகே. பீப் ஒலிக்கு முன்னால், “நீங்கள் பேசுவது பதிவாகும். வேண்டாமென்றால் இப்போது வைத்துவிடலாம்” என்ற அறிவிப்பு கட்டாயம். வசூலான எண்களுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும் யோசனையை யாராவது சொல்வார்கள். மறுத்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணின் ஆயுள். திட்ட நிதியில் வாங்கிய எண், நிதி முடிந்ததும் செத்துவிடும். பலகை மட்டும் சுவரில் இருக்கும். சில மாதம் கழித்து அந்த எண் வேறு யாருக்காவது போய்ச் சேரலாம். அவர் வீட்டுக்கு நம் பார்வையாளர்கள் போன் போட்டு 21-ஐ அழுத்துவார்கள். மூன்று ஆண்டுக்கான பணத்தை ஒதுக்கிய பிறகே பலகை அச்சடியுங்கள்.

திறந்த பிறகு

ஐவிஆர் நிறுவனம் தரும் அறிக்கையில் எந்தக் குறியெண் எத்தனை முறை அழுத்தப்பட்டது, எந்த வினாடியில் வைத்தார்கள் என்பது இருக்கும். முதல் மாதம் வாரந்தோறும் பாருங்கள். பலர் இருபதாவது வினாடியில் வைத்துவிட்டால், பொருளைக் குறை சொல்ல வேண்டாம், உரையை மாற்றி எழுதுங்கள். யாருமே அழுத்தாத எண்ணுக்குப் பலகை மறைந்திருக்கிறதா, டவர் போய்விட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரு பொருள் சரியாக அமைந்தால் அடுத்ததைச் சேர்ப்பது எளிது. எனவே பத்தும் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கூடத்தில் மக்கள் அதிகம் நிற்கும் ஒரு பொருளுக்கு இந்த வாரமே ஒரு நிமிட உரை எழுதி, வாட்ச்மேனுக்குப் படித்துக் காட்டுங்கள்.